சோயாமீற்றும் ஆண்பிள்ளையின் மார்பும்: ஒரு கேள்வியும் அதன்பின் சேர்ந்த குறிப்புகளும்

2024 பெப்ரவரி 11 – கேள்வி, அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தாய்

மிஸ், என் மூத்த மகனுக்குப் பதினான்கு வயது. மீன் விலை ஏறிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் கிழமைக்கு நான்கு நாள் சோயாமீற் கறிதான். ஒரு மாதமாக அவனுடைய வலது முலைக்காம்புக்குக் கீழே கட்டிபோல் ஒன்று இருக்கிறது. தொட்டால் நோகிறது என்கிறான். கிணற்றடியில்கூடச் சட்டையைக் கழற்ற வெட்கப்படுகிறான். சோயாவில் பெண் ஓமோன் இருக்கிறது, அதைத் தின்னும் பையன்களுக்கு மார்பு வளரும் என்று மாமி அடித்துச் சொல்கிறார். வீட்டில் மீதமிருக்கும் ஐந்து பக்கெற்றையும் எறிவதா, வைப்பதா?

பெப்ரவரி 11, இரவு

எறிய வேண்டாம், தங்கச்சி. சோயா அவரையில் ஐசோஃபிளேவோன் என்னும் சேர்மங்கள் உண்டு. ஜெனிஸ்ரீன், டெயிட்சீன், கிளைசிற்றீன் என்பவை அவற்றில் முக்கியமானவை. சூலகம் சுரக்கும் பெண் ஓமோனான ஈஸ்ட்ரஜனின் உருவத்தை இவை ஓரளவு ஒத்திருப்பதால், உடற்கலங்களில் ஈஸ்ட்ரஜன் போய் ஒட்டும் அதே வாங்கிகளில் இவையும் ஒட்டுகின்றன. மாமி சொன்னதில் உண்மை இவ்வளவுதான். சோயாவில் இருப்பது பெண் ஓமோன் அல்ல, அதன் சாயல்.

இனி அளவைப் பார்ப்போம். சோயாமீற் என்பது எண்ணெய் எடுத்த பின் மிஞ்சும் சோயா மாவை அழுத்தி, சூடாக்கி, துண்டாக்கிய பொருள். அந்த மாவின் 100 கிராமில் 150 மில்லிகிராம் அளவுக்கு ஐசோஃபிளேவோன் இருக்கலாம். ஊறவைத்துப் பிழிந்த பிறகு உங்கள் மகனின் பங்கு 60 கிராம் வரும் என்று வைத்தால், ஒரு நேரச் சாப்பாட்டில் 90 மில்லிகிராம். இது கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் ஆபத்தான அளவு அல்ல.

பெப்ரவரி 12, காலை

நேற்றிரவு நித்திரைக் கலக்கத்தில் போட்ட கணக்குப் பிழை. 150 மில்லிகிராம் என்பது உலர்ந்த மாவுக்கான அளவு. நானோ தண்ணீர் குடித்து வீங்கிய துண்டின் நிறையால் பெருக்கியிருக்கிறேன். இருபத்தாறு வருடமாகக் கமக்காரருக்கு உர அளவு சொல்லிக் கொடுக்கும் ஒருத்தி ஈரநிறையையும் உலர்நிறையையும் மாற்றிப் போட்டால், அதை இங்கேயே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பக்கெற் 90 கிராம், நீங்கள் ஐந்து பேர். ஆகவே ஒருவர் பங்கு உலர்நிறையில் 18 கிராம்; ஐசோஃபிளேவோன் 27 மில்லிகிராம்.

அதிலும் ஒரு பகுதி பிழிந்து ஊற்றும் தண்ணீரோடு போய்விடுகிறது. உப்புப் போட்ட சுடுநீரில் சோயாமீற்றைக் கால் மணி நேரம் விட்டுக் கையால் பிழியும்போது, விரலிடுக்கால் வழியும் நுரைத்த மஞ்சள் தண்ணீரையும், அதிலிருந்து எழும் பச்சை அவரை வாசத்தையும் கவனித்திருப்பீர்கள். சோயாவில் இருக்கும் ஐசோஃபிளேவோனில் பெரும்பகுதி சர்க்கரை மூலக்கூறு ஒன்றோடு பிணைந்திருப்பதால் சுடுநீரில் ஓரளவு கரையக்கூடியது. வாசத்துக்காக நாம் பிழிகிறோம். அதோடு இதுவும் கொஞ்சம் போகிறது.

ஒரு வேலை தருகிறேன். பக்கெற்றின் பின்புறத்தில் சேர்பொருட்களைப் பாருங்கள். "கொழுப்பு நீக்கிய சோயா மா" என்று இருந்தால் என் கணக்கு நிற்கும். சோயாப் புரதச் செறிவு என்று இருந்தால், அதைச் செய்யும்போது அற்ககோலால் கழுவியிருக்கக்கூடும். கழுவியிருந்தால் ஐசோஃபிளேவோனில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

பெப்ரவரி 14

மகனைப் பற்றிச் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு மாவைப் பற்றியே இரண்டு நாள் பேசிவிட்டேன். பன்னிரண்டிலிருந்து பதினான்கு வயதுவரை, ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு முலைக்காம்புக்குக் கீழே இப்படியொரு தட்டையான கட்டி தோன்றும். ஒரு பக்கம் மட்டும் வரலாம். சட்டை உரசினாலும் நோகலாம். பருவமடையும் வேளையில் ஆணின் உடலிலும் ஈஸ்ட்ரஜன் சுரக்கிறது. ஆண் ஓமோன் முழு அளவுக்கு ஏறும்வரை இரண்டுக்கும் இடையில் சமநிலை சற்றுத் தளம்புகிறது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். சோயா என்ற சொல்லைக் கேட்டே இராத ஊர்களிலும் பையன்களுக்கு இது வருகிறது.

வதந்திக்கு வேர் எங்கே இருக்கிறது என்பதும் இதில் தெரிகிறது. 2022 இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்த மாதங்களில் எத்தனை வீடுகள் சோயாமீற்றுக்கு மாறின! அந்த வீடுகளிலெல்லாம் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்கள் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு எப்படியும் வரவிருந்தது வந்தது. பழி சட்டியில் இருந்ததன் மேல் விழுந்தது.

ஆனாலும் ஒருமுறை வைத்தியரிடம் காட்டுங்கள். கட்டி கல்லுப்போல் இருந்தாலோ, விரைவாக வளர்ந்தாலோ, காம்பிலிருந்து நீர் வடிந்தாலோ, விதையில் வீக்கம் இருந்தாலோ காத்திருக்கக் கூடாது. மாமியை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

பெப்ரவரி 18

"சாயல் என்றாலும் ஒட்டுகிறதல்லவா, ஒட்டினால் வேலை செய்யாதா?" என்று வாழைச்சேனையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானது, முதல் நாள் நான் அதை மேலோட்டமாகக் கடந்துவிட்டேன்.

ஈஸ்ட்ரஜன் வாங்கி ஒன்றுதான் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1996 இல் சுவீடனில் இரண்டாவது வாங்கியைக் கண்டுபிடித்தார்கள். கண்ட இடம் எலியின் முன்னிற்கும் சுரப்பி. ஆணின் உறுப்பில் பெண் ஓமோனுக்கு ஓர் இருக்கை! முதலாவதை அல்பா என்றும் இரண்டாவதைப் பீற்றா என்றும் அழைக்கிறார்கள். மார்பிலும் கருப்பையிலும் கலங்களைப் பெருகத் தூண்டுவது பெரும்பாலும் அல்பா. ஜெனிஸ்ரீனோ பீற்றாவையே கூடுதலாக நாடுகிறது. அல்பாவில் ஒட்டினாலும் நம்முடைய சொந்த ஈஸ்ட்ரஜனோடு ஒப்பிட அதன் வலு நூறு முதல் ஆயிரம் மடங்குவரை குறைவு. இத்தனை பலவீனமான ஒன்று இருக்கையைப் பிடித்துக்கொண்டால், வலுவான ஈஸ்ட்ரஜன் நிறைந்த உடலில் அது தடையாகவும், ஈஸ்ட்ரஜன் வற்றிய உடலில் சிறு தூண்டலாகவும் நடந்துகொள்ளக்கூடும். ஒரே உணவைப் பற்றி எதிரெதிரான பேச்சுகள் உலவுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பலவீனம் என்றதும் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சோயா சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஐசோஃபிளேவோனின் செறிவு, அங்கே இயல்பாக இருக்கும் ஈஸ்ட்ரஜனைவிடப் பல மடங்கு உயர்கிறது. எண்ணிக்கை வலுவின்மையை ஓரளவு ஈடுசெய்யும். இதற்கு ஆடுகள் சாட்சி. 1940களில் மேற்கு அவுஸ்திரேலியாவில் குளோவர் என்னும் அவரைக் குடும்பப் புல்லை மேய்ந்த செம்மறிகள் கருத்தரிக்காமல் போயின. குட்டியே ஈனாத ஆடுகளுக்குப் பால் சுரந்தது. கருப்பை வெளித்தள்ளிய ஆடுகள் இறந்தன. 1946 இல் அங்குள்ள ஆய்வாளர்கள் காரணம் மேய்ச்சல்தான் என்று எழுதினார்கள். அந்தக் குளோவரில் இருக்கும் ஃபோர்மோனோனெற்றின் என்ற பொருள் ஆட்டின் இரைப்பையில் எக்வோல் ஆக மாறுகிறது. எக்வோல் தன் தாய்ப்பொருளைவிட வலுவானது. அந்த ஆடுகளுக்கு அது கறி அல்ல, மூன்று வேளைச் சோறு என்பதையும் மறக்கக் கூடாது.

எக்வோலை 1932 இலேயே சினைக்குதிரையின் சிறுநீரில் பிரித்தெடுத்துவிட்டார்கள். குதிரையின் இலத்தீன் பெயரிலிருந்துதான் அதற்கு அந்தப் பெயர் வந்தது. மனிதரில் இதை ஆக்குவது குடலில் வாழும் சில பற்றீரியாக்கள். யப்பான், கொரியா, சீனாப் பக்கத்தில் இருவரில் ஒருவருக்கு அவை உண்டு. மேற்கு நாடுகளில் நால்வரில் ஒருவருக்குத்தான் உண்டு. ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்ட இருவரின் உடலில் சோயா இரு வேறு பொருளாக முடியலாம். "எனக்கு வேலை செய்தது", "எனக்கு ஒன்றுமே இல்லை" என்று இரண்டு பெண்கள் சண்டை பிடித்தால், இரண்டு பேரும் உண்மை பேசுகிறார்கள் என்றே நான் நினைப்பேன்.

பெப்ரவரி 19

அதே தம்பி, "அப்படியானால் ஆண்கள் சோயாவைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு" என்று முடித்திருக்கிறார். தம்பி, நமக்குத் தெரிந்த தாவர ஈஸ்ட்ரஜன்களிலேயே மிக வலுவான ஒன்று பியருக்குக் கசப்பூட்டும் ஹொப்ஸ் பூவில் இருக்கிறது. 1999 இல் அதை அடையாளம் கண்டார்கள். சோயாவுக்குப் பயந்து பியரைக் குறைத்த ஓர் ஆணை நான் இன்னும் சந்திக்கவில்லை. பியருக்குள் வந்து சேரும் அளவு மிகச் சிறிது என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். கள்ளில் ஹொப்ஸ் இல்லையே என்று மகிழவும் வேண்டாம். ஈரல் கெட்டால் உடல் தன் சொந்த ஈஸ்ட்ரஜனைக் கழிக்க முடியாமல் திணறும். குடிகாரரின் மார்பு வளர்வதற்கு அது ஒரு காரணம்.

பெப்ரவரி 25

அமெரிக்காவில் சோயாப்பால் குடித்து மார்பு வளர்ந்த ஒருவரைப் பற்றிய செய்தியை மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். அது பொய்யல்ல. 2008 இல் வைத்திய இதழ் ஒன்றில் வெளியான அறிக்கை அது. அறுபது வயதான அந்த மனிதர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லீற்றர் சோயாப்பால் குடித்திருக்கிறார். நிறுத்தியதும் நோவு நீங்கி, ஓமோன் அளவு வழமைக்குத் திரும்பியது. மூன்று லீற்றர்! கிழமைக்கு நான்கு நாள் 27 மில்லிகிராம் வாங்கும் பையனுக்கு அருகில் அதை வைத்துப் பாருங்கள். யப்பானியர் நாளாந்தம் 25 முதல் 50 மில்லிகிராம்வரை வழக்கமாக உண்கிறார்கள். ஆண்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2010 இலும், பின்னர் மேலும் பல ஆய்வுகளைச் சேர்த்து 2021 இலும் பார்த்தபோது, சோயாவால் ஆண் ஓமோன் குறையவில்லை என்றே முடிவு வந்தது. அவை வளர்ந்த ஆண்களைப் பற்றியவை. பதினான்கு வயதுக்கு நான் அவற்றை ஓரளவு தூரத்திலிருந்துதான் பொருத்துகிறேன்.

மார்ச் 3

திருக்கோவிலில் இருந்து ஒரு மகள், பெரிய பிள்ளையானதும் தனக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் தந்தது இந்தத் தாவர ஈஸ்ட்ரஜனுக்காகத்தானா என்று கேட்டிருக்கிறார். அப்படிச் சொல்லத் தெரிந்தால் எனக்கும் பெருமைதான். ஆனால் சொல்ல மனம் ஒப்பவில்லை. உழுந்தில் ஐசோஃபிளேவோன் மிகச் சொற்பம். எள்ளில் லிக்னான் என்ற வேறொரு வகை உண்டு. அது அப்படியே வேலை செய்வதில்லை. குடல் பற்றீரியா அதை என்ரரோலக்ரோன் என்ற பொருளாக மாற்றிய பிறகே ஈஸ்ட்ரஜன் வாங்கியில் ஒட்டும்.

2006 இல் கனடாவில் வெளியிட்ட ஓர் அட்டவணையின்படி 100 கிராம் ஆளி விதையில் தாவர ஈஸ்ட்ரஜன் 380 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, சோயா அவரையில் 104, டோஃபு என்னும் சோயாக் கட்டியில் 27, எள்ளில் 8. முளைகட்டிய பயற்றில் அரை மில்லிகிராம். அம்மா எனக்கு ஊட்டியது நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கியதும், உடனே வாய்க்குள் ஒரு துண்டுச் சர்க்கரையைத் திணித்ததும் இன்றும் நாக்கில் இருக்கின்றன. பன்னிரண்டு வயதில் என் சூலகமே எனக்கு வேண்டிய ஈஸ்ட்ரஜனைச் சுரக்கத் தொடங்கியிருந்தது. எள்ளு அதற்கு என்ன சேர்த்திருக்கும்? முட்டையும் உழுந்தும் எண்ணெயும் ஒரு சிறுமிக்குப் புரதமும் கொழுப்பும் தந்தன. அதுவே போதிய காரணம்.

மார்ச் 5

எள்ளுக்கு நான் அநியாயம் செய்துவிட்டேன். அந்த அட்டவணை குறிப்பிட்ட சில லிக்னான்களை மட்டுமே எண்ணியிருக்கிறது. எள்ளின் பிரதான லிக்னானான செசமினை அது கணக்கில் எடுக்கவே இல்லை. செசமினையும் குடல் பற்றீரியா என்ரரோலக்ரோனாக மாற்றுகிறது. ஆகவே எட்டு என்ற எண் எள்ளின் முழுக் கணக்கு அல்ல.

இன்னொன்றும் உண்டு. செசமின் கொழுப்பில் கரையும். அதனால் செக்கில் ஆட்டும்போது எண்ணெயோடு கூடவே வந்துவிடும். சோயாவில் இது தலைகீழ். அதன் ஐசோஃபிளேவோன் புரதப் பக்கமே தங்கிவிடுவதால் சோயா எண்ணெயில் கிட்டத்தட்ட ஒன்றும் இராது. மாமி சோயா எண்ணெயில் பொரித்த அப்பளத்துக்கும் பயந்தால் அதையாவது நிறுத்தச் சொல்லுங்கள். உழுந்தைப் பற்றிச் சொன்னதை நான் மாற்றவில்லை.

மார்ச் 17

வெளியே அனுப்பாமல் பல நாளாக வைத்திருந்த குறிப்பு இது. நான் வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருடம், 1999 இல், நாளுக்கு 25 கிராம் சோயாப் புரதம் இதயநோயைக் குறைக்க உதவும் என்று பொதிகளில் அச்சிட அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அனுமதித்தது. அந்த அலை இங்கேயும் வந்தது. மாதர் சங்கங்களில் அவரையை அப்பச்சோடா போட்டு அவித்து, தோல் நீக்கி, அரைத்துப் பால் எடுத்துக் காட்டியபடி, "இதயத்துக்கு நல்லது, எலும்புக்கு நல்லது, பெண்களுக்கு மிக நல்லது" என்று துண்டுப்பிரசுரத்தில் இருந்ததை ஒப்புவித்தேன். சோயா நம் பக்கத்தில் பெரிதாகப் பயிராவதில்லை. அநுராதபுரப் பக்கத்துப் பயிர் அது. கேட்டவர்கள் பால் வாசத்தைத்தான் முதலில் குறை சொன்னார்கள்.

2017 இல் அதே நிருவாகம், ஆதாரம் ஒருசீராக இல்லை என்று கூறி அந்த அனுமதியை விலக்கிக்கொள்ள முன்மொழிந்தது. துண்டுப்பிரசுரத்தை யாரும் திருப்பி வாங்கவில்லை. அன்று அமுதம் என்று சொன்னது நான். இன்று நஞ்சு என்று சொல்வது மாமி. எங்கள் இருவருக்கும் இடையில் அதிக தூரம் இல்லை என்று சில வேளைகளில் தோன்றுகிறது.

ஏப்ரல் 21

"மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் எரிவுக்குச் சோயா உதவுமா?" என்ற கேள்வி ஐந்து பேரிடமிருந்து வந்திருக்கிறது. இதற்கு என் உடம்பையே எடுத்துக்காட்டாக வைக்கிறேன்.

2022 ஏப்ரலில் எனக்கு ஐம்பத்தொரு வயது. நெஞ்சுக்குள் அடுப்பு மூட்டியதுபோல் ஒரு சூடு கிளம்பி, கழுத்து வழியாக ஏறி, காது மடல்வரை போய், முகமெல்லாம் வியர்த்து, ஐந்து நிமிடத்தில் குளிர்ந்து நடுங்கும். ஒருநாள் நெல் விதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எரிவு வந்து, கையிலிருந்த கோவையால் விசிறிக்கொண்டே பேச்சை முடித்தேன். சோயா மாவும் குரக்கன் மாவும் கலந்த கஞ்சியைத் தினமும் காலையில் குடித்துப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். சுவரில் தொங்கிய கலண்டரில் ஒவ்வொரு எரிவுக்கும் ஒரு கோடு போட்டேன். முதல் கிழமையில் நாளுக்கு எட்டுக் கோடு. பன்னிரண்டாவது கிழமையில் ஐந்து.

இதைச் சோயாவின் வெற்றி என்று அன்று ஊரெல்லாம் சொன்னேன். இன்று அந்தக் கலண்டரை எடுத்துப் பார்க்கும்போது அவ்வளவு நிச்சயம் இல்லை. நான் தொடங்கியது நாள் முழுவதும் மின்வெட்டு இருந்த காலம். மார்ச் இறுதியில் அது 13 மணித்தியாலம்வரை போனது. மின்விசிறி இல்லாத இரவில் வியர்த்தால், அது சூலகம் ஓய்வதாலா, மின்சார சபையாலா என்று யார் பிரித்துச் சொல்வது? பிறகு மின்வெட்டு குறைந்தது, கோடுகளும் குறைந்தன. ஆனால் மறுபுறம், மே மாதத்தில் வெப்பமான கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிய பிறகும் கோடுகள் ஏறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எரிவு காலப்போக்கில் தானாகவும் தணியக்கூடியது.

ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களுக்கும் எரிவு நன்றாகவே குறைந்திருக்கிறது. அதற்கு மேலாக ஐசோஃபிளேவோன் ஐந்தில் ஒரு பங்கு அளவில் குறைத்தது என்பதே தொகுப்பு ஆய்வில் கண்டது. பலன் உடனே தெரிவதில்லை, வாரக்கணக்கில் ஆகும். என் எட்டு ஐந்தானதில் அந்த ஐந்தில் ஒரு பங்கு எங்கேயோ ஒளிந்திருக்கலாம்.

ஏப்ரல் 28

அந்தக் கஞ்சிக்கு ஒரு பின்கதை இருக்கிறது. இந்த இழை முழுவதிலும் யாராவது ஒன்றை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசிக்க வேண்டும் என்பேன்.

தைரொயிட் சுரப்பு குறைந்ததால் 2015 இலிருந்து நான் தைரொக்சின் குளிசை எடுக்கிறேன், 75 மைக்கிரோகிராம். எழுந்ததும் குளிசை, உடனே கஞ்சி, பிறகு பஸ். 2022 ஜூலையில் குருதியைச் சோதித்தபோது, வருடக்கணக்கில் 2 அளவில் நின்ற ரிஎஸ்எச் (தைரொக்சின் போதாதபோது ஏறும் ஓமோன்) 9 ஐத் தாண்டியிருந்தது. முகம் ஊதியிருந்தது, மலச்சிக்கல், மாலை நான்கு மணிக்கே கண் சொருகும். காட்டிய இடத்தில் குளிசையை 100 ஆகக் கூட்டினார்கள். கஞ்சியைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு கஞ்சியைப் பற்றி வைத்தியரிடம் யார் சொல்வார்கள்?

சோயா குடலில் தைரொக்சினைப் போதிய அளவு உறிஞ்ச விடாது. இதற்கும் ஈஸ்ட்ரஜன் சாயலுக்கும் பெரிய தொடர்பில்லை. குளிசையும் சோயாவும் ஒரே நேரத்தில் குடலில் சந்திப்பதே சிக்கல். கஞ்சியை மாலைக்கு மாற்றினேன். இரண்டு மாதத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. ஏனெனில் இப்போது 100 உம் முழுதாக உள்ளே போகிறது. மீண்டும் 75 க்கு இறங்கினேன். ஆண்பிள்ளைக்கு மார்பு வளரும் என்று பயந்து பக்கெற்றை எறிகிற ஊரில், தைரொயிட் குளிசையோடு சோயாக் கஞ்சி குடிக்கும் பெண்களை ஒருவரும் தடுப்பதில்லை. குளிசையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணித்தியாலமாவது பொறுத்துச் சாப்பிடுங்கள். சோயா இருந்தால் இன்னும் தள்ளி வையுங்கள்.

1950களிலும் 60களிலும் சோயாப் பால்மா மட்டும் குடித்த சில குழந்தைகளுக்கு அமெரிக்காவில் கழுத்துக் கழலை வந்தது. பால்மாவில் அயடீன் சேர்த்ததும் அது நின்றது. நம் நாட்டில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது 1995 இலிருந்து கட்டாயம். ஆகவே தைரொயிட் சரியாக இருப்பவர் இதை வாசித்து வீணாகப் பயப்பட வேண்டியதில்லை.

மே 1

முன்னைய குறிப்பை எழுதிய இரவு தூக்கம் வரவில்லை. அதே 2022 ஏப்ரலில், மாதவிடாய் நின்றால் எலும்பு தேயும் என்ற பயத்தில் கல்சியம் குளிசையும் தொடங்கியிருந்தேன். அதையும் காலையில்தான் போட்டேன். கல்சியமும் இரும்புச்சத்தும் தைரொக்சினை அப்படியே பிடித்துக்கொள்ளும்; நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். கஞ்சியை மாலைக்கு மாற்றிய அன்றே கல்சியத்தையும் மாற்றினேன். ஆகவே குற்றவாளி சோயாவா, கல்சியமா, இரண்டும் சேர்ந்தா என்று என் உடம்பை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மேலே இருக்கும் அறிவுரை அப்படியே நிற்கட்டும்; "சோயாதான் செய்தது" என்ற தொனியை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மே 12

மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெரியம்மாவுக்குச் சோயாமீற் கொடுக்கலாமா என்று களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு கேள்வி. இந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. மனிதப் புற்றுக் கலங்களை எலிக்குள் வைத்து ஜெனிஸ்ரீன் ஊட்டியபோது கட்டி வளர்ந்தது. ஆனால் எலியின் உடல் ஐசோஃபிளேவோனைக் கையாளும் விதம் வேறு. நம் இரத்தத்தில் அதன் பெரும்பகுதி செயலிழந்த வடிவில்தான் ஓடுகிறது. 2009 இல் சாங்காயில் சிகிச்சை முடித்த 5,042 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு வெளியானது. சோயா உணவு கூடுதலாக உண்டவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாகவே இருந்தன. சோயாதான் காத்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கெடுக்கவில்லை என்று சொல்லலாம். கறியாகக் கொடுங்கள். கடையில் விற்கும் ஐசோஃபிளேவோன் குளிசையை மட்டும் அவரைப் பார்க்கும் புற்றுநோய் வைத்தியரைக் கேட்காமல் தொடாதீர்கள். கறியும் குளிசையும் ஒன்றல்ல.

மே 13

காத்தான்குடி ராத்தா, இராசவள்ளிக் கஞ்சியும் வெந்தயமும் பெண் ஓமோனைக் கூட்டுமாமே என்று கேட்கிறார். வள்ளிக்கிழங்கு இனங்கள் சிலவற்றிலும் வெந்தயத்திலும் டயோஸ்ஜெனின் என்னும் சேர்மம் இருப்பது உண்மை. 1940களில் மெக்சிக்கோவில் ஓர் இரசாயனவியலாளர் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து எடுத்த அதைக் கொண்டு புரொஜெஸ்திரோன் என்னும் பெண் ஓமோனை ஆக்கினார். கர்ப்பத்தடை மாத்திரையின் வரலாறே அந்தக் கிழங்கிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அந்த மாற்றம் நடந்தது கண்ணாடிக் குடுவையில். நம் உடலில் அதற்கான நொதியம் இல்லை. இராசவள்ளிக் கஞ்சியை அதன் நிறத்துக்காகவும் தேங்காய்ப்பாலுக்காகவும் குடியுங்கள், ராத்தா.

மே 26

ஆளி விதை வாங்கியவர்களுக்கு மட்டும்: முழு விதையாக விழுங்கினால் வந்தபடியே வெளியே போகும். பொடித்துத்தான் உண்ண வேண்டும். அன்ரிபயோற்றிக் எடுத்த பிறகு சில காலம் என்ரரோலக்ரோன் குறையும் என்று பின்லாந்தில் பார்த்திருக்கிறார்கள். லிக்னானை மாற்றித் தரும் பற்றீரியாவும் மருந்தில் செத்துப்போவதுதான் காரணம்.

ஓகஸ்ட் 4

அக்கரைப்பற்றுத் தங்கச்சி திரும்ப எழுதியிருக்கிறார். வைத்தியர் மகனைத் தனியாகச் சோதித்து, பருவக் கட்டிதான், பொறுத்துப் பார்ப்போம் என்று சொன்னாராம். நோவு போய்விட்டது; கட்டி இன்னும் சிறிது இருக்கிறது. பக்கெற்றின் பின்புறத்தை வாசித்தது அவனேதான்: கொழுப்பு நீக்கிய சோயா மா. ஆக, 27 மில்லிகிராம் என்ற திருத்திய கணக்கு நிற்கிறது.

பயம் முழுதாகப் போகவில்லைப்போலும். சோயாமீற் சமைக்கும் நாளில் பிழிகிற வேலையை அவன் எடுத்துக்கொண்டானாம். மூன்று முறை தண்ணீர் மாற்றி, தெளியும்வரை பிழிகிறானாம். மாமி இப்போது கறியில் உருசி இல்லை என்று குறை சொல்கிறாராம். ஒரு முறை பிழிந்தால் போதும் என்று அவனிடம் சொல்லுங்கள், தங்கச்சி.